முதலில் வந்த குதிரை

போன வாரம் நம் தென்காசி மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் தம்பி என் வீட்டுக்கு வந்தார். வாயில்லா ஜீவன்களுக்குப் பாடுபட்ட உள்ளூர்க்காரர்களைக் கூப்பிட்டு, மேடையில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். "உங்க பேரைப் போட்டிருக்கோம் ஐயா, மறுக்கக்கூடாது" என்றார். நான் ஏன் மறுக்கப் போகிறேன்? என் பெயர் இல்லாவிட்டால்தான் அந்த விழாவையே மறுத்திருப்பேன். தென்காசி தாலுகாவில் என்னைத் தெரியாத மனுஷன் இருக்கலாம், என்னைத் தெரியாத மாடு இருக்கக்கூடாது என்று வேலை பார்த்தவன் நான்.

"இன்னும் ஒரு பேரு வேணும். பழைய ஆளா இருந்தா நல்லது" என்றார் தம்பி.

நான் யோசிக்கவே இல்லை. "ஜட்கா மைதீன் பிச்சை" என்றேன்.

"அவர் எந்த ஆஸ்பத்திரியில வேலை பார்த்தாரு?"

"எந்த ஆஸ்பத்திரியிலயும் இல்ல."

"நாட்டு வைத்தியரா?"

"அதுவும் இல்ல."

"அப்ப என்ன செஞ்சாரு?"

"குதிரைய முதல்ல கொண்டுவந்தாரு."

தம்பி என் முகத்தைப் பார்த்தார். கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். காப்பியைக் குடித்துவிட்டு, "விழா மலருக்கு எழுதிக் குடுங்க ஐயா, போட்டிருவோம்" என்று சொல்லிப் போய்விட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் முடிந்தது. ஆனாலும் எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை கிடையாது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் பிறந்தேன். அப்பா ஊர் மாடு மேய்த்தவர். எங்கள் வீட்டில் சொந்த மாடு என்று ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. ஒருநாள் சந்தையில் ஒரு காளை குளம்பில் கம்பி ஏறி, வெறி பிடித்ததுபோல ஆடிக்கொண்டிருந்தது. கயிறு வீசியவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். நான் பக்கவாட்டில் போய் அதன் விலாவோடு தோளைச் சாய்த்து நின்றேன். அவ்வளவுதான். மாடு தன் பாரத்தை என்மேல் போட்டது. காலைத் தூக்கினேன், கம்பியைப் பிடுங்கினேன். மாடுகளுக்கு ஊசி போட வந்திருந்த டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"பயம் அதுக்குத்தான் ஐயா. எனக்கு என்ன?" என்றேன்.

அவர் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அதற்கப்புறம் நான் அதிகம் பார்த்ததில்லை. மறு வாரமே தென்காசி ஆஸ்பத்திரியில் என்னைச் சாணி அள்ளுகிற வேலையில் சேர்த்துவிட்டார். அள்ளினேன். ஊசியைக் கொதிக்க வைக்கப் படித்தேன், மாட்டைக் கயிறு போட்டு நோகாமல் சாய்க்கப் படித்தேன், புண் கழுவ, கட்டுப் போட, மருந்து கலக்கப் படித்தேன். நான் ஓய்வு பெற்றபோது ஊரார் என்னைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குச் சிபாரிசு செய்ய மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. என் தோள்தான் சிபாரிசு.

டாக்டர் பெயர் பாக்கியநாதன். நாசரேத்துப் பக்கத்துக்காரர். ஒல்லி. குரலை உயர்த்தவே மாட்டார். மனுஷரோடு பேசும்போது வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர், மிருகத்தோடு விஸ்தாரமாகப் பேசுவார். எந்தக் குதிரையண்டை போனாலும் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி மரத்தில் மாட்டிவிட்டுத்தான் போவார். தொப்பி குதிரையை மிரட்டும் என்பார். பக்கத்தில் போனதும் உடனே தொடமாட்டார். கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அது மோந்து பார்த்து, தானாகத் தலையைத் தாழ்த்துகிற வரைக்கும் நிற்பார். வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரிதான். தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவார். நான் செம்பில் தண்ணீர் ஊற்றவேண்டும். நகக்கண்ணைச் சின்னப் பிரஷ்ஷால் தேய்ப்பார். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. என் கல்யாணத்தில் தாலி கட்டப் போகும்போதுகூட முழங்கை வரைக்கும் கழுவிவிட்டுப் போனேன் என்று இன்றைக்கும் என் வீட்டில் கேலி பேசுவார்கள்.

இனி மைதீன் பிச்சைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் குற்றாலத்துக்கு ஜனங்கள் ரயிலில் தென்காசிக்கு வந்து, ஸ்டேஷனில் ஜட்கா ஏறித்தான் அருவிக்குப் போகவேண்டும். சாரல் தொடங்கிவிட்டால் ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் மைதீன் பிச்சையின் வண்டி ஒன்று. கடையநல்லூரில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. குற்றாலத்து பங்களா ஒன்றில் கால் நொண்டியாகிவிட்டது என்று கழித்துவிட்ட ஒரு சிவப்புப் பெட்டைக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து, எண்ணெய் தேய்த்து, ஆற்று மணலில் நடக்கவிட்டு, வண்டிக்குப் பழக்கினார். அதுதான் ரோசா.

நானும் அவரும் சொந்தமில்லை, ஒரே ஜாதியில்லை. ஆனால் நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். எங்கள் பக்கத்தில் அது சகஜம். ஆஸ்பத்திரிக்குப் புல்லுக்கட்டு ஏற்றிவரும்போது பழக்கம். நான் மாட்டைப் பற்றிப் பீற்றினால் அவர் விடமாட்டார். "மாப்ளே, நீ மாட்டுக்காரன். ஒன் கண்ணுக்குக் குதிரையும் கொம்பில்லாத மாடாத்தான் தெரியும்" என்பார்.

குற்றாலத்துக்கு ஏறுகிற ரோட்டில் அவர் வண்டியில் உட்காரமாட்டார். கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பார். உள்ளே கனத்த ஆளாக இருந்தால், "மொதலாளி, இங்கன இறங்கிக் கொஞ்சம் நடந்து வந்தியள்னா அருவித் தண்ணி ஒடம்புல நல்லா ஏறும்" என்பார். அந்த மனுஷரும் இறங்கி நடப்பார். வைத்தியம் என்று நினைத்துக்கொள்வார்.

அருவிக்குச் சற்றுக் கீழே, வண்டிகள் நிற்கிற இடத்தில், ஒரு மருதமரமும் ஒரு கல்தொட்டியும் உண்டு. ஆளை இறக்கிவிட்டால் அடுத்த ரயிலுக்கு ஓடவேண்டும். குதிரைக்குத் தீனி காட்ட அவகாசம் இருக்காது. இதைப் பார்த்துப் பொறுக்காமல் மைதீன் பிச்சை ஒரு காரியம் செய்தார். குதிரையின் வாயில் மாட்டி, வாரைக் காதுக்குப் பின்னால் கொளுவுகிற சாக்குப் பை ஒன்றை அந்த மருதமரத்து ஆணியில் தொங்கவிட்டார். உள்ளே ஊறவைத்த கொள்ளு. வந்த குதிரைக்கு மாட்டவேண்டியது, நாலு வாய் தின்றதும் கழற்றி ஆணியில் போடவேண்டியது, கையில் இருந்தால் ஒரு பிடி கொள்ளைப் போட்டுவிட்டுப் போகவேண்டியது. கணக்கு வழக்குக் கிடையாது. அது அப்படியே வழக்கமாகிவிட்டது. வண்டிக்காரர்களுக்குள் அடிதடி வந்து பேச்சு வார்த்தை நின்றிருந்தாலும், பை மட்டும் எல்லாருக்கும் பொது. ஒருவன் குதிரை தின்று முடிக்கும்வரை அடுத்தவன் வாரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எச்சில் என்று யாரும் பார்த்ததில்லை. குதிரைக்கு என்ன எச்சில்?

அந்த வருஷம் சாரல் முன்கூட்டியே வந்தது. நல்ல கூட்டம். வெளியூரிலிருந்தும் ஜட்காக்கள் வந்திருந்தன. அதில் ஒருவன் குதிரையை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் பசைபோலச் சீழ். தொடையில் முடிச்சு முடிச்சாகப் புண். டாக்டர் தொப்பியைக் கழற்றி மரத்தில் மாட்டினார், கையை நீட்டிக்கொண்டு நின்றார். குதிரை தலையைத் தாழ்த்தியது. அவர் தொடவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவரிடம் நான் அதுவரை காணாதது அது.

"முத்து, தண்ணி ஊத்தும்" என்றார். கழுவினார். மறுபடி ஊற்றச் சொன்னார். மறுபடி கழுவினார். பிறகு அந்த வண்டிக்காரனிடம், "இது எங்கே தண்ணி குடிக்குது?" என்று கேட்டார்.

"எல்லாக் குதிரையும் குடிக்கிற எடத்துலதான் ஐயா. அருவிக்குக் கீழ, மருதமரத்தடியில. கொள்ளும் அங்கனயே தொங்குது."

அந்த வியாதிக்கு இங்கிலீஷில் கிளாண்டர்ஸ் என்று பெயர். குதிரைக்குக் குதிரை தொத்தும், மனுஷனுக்கும் தொத்தும். மருந்து கிடையாது. வியாதி இருக்கிற குதிரையைச் சுட்டுப் புதைக்கவேண்டும் என்பது சர்க்கார் சட்டம். வெளியே சீழ் தெரிகிறதுக்கு முன்னாலேயே உள்ளே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஊசி உண்டு. கீழ் இமையில், தோலுக்குள்ளே, மெல்லிய ஊசியால் ஒரு சொட்டுப் போடவேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பார்க்கவேண்டும். இமை சாதாரணமாக இருந்தால் பிழைத்தது. வீங்கிக் கண் மூடி, ஓரத்தில் சீழ் கட்டினால் முடிந்தது.

டாக்டரும் நானும் மருதமரத்தடிக்குப் போனோம். வண்டிக்காரர்கள் கூடிவிட்டார்கள். டாக்டர் ஆணியிலிருந்து பையைக் குச்சியால் எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வாய் ஓரத்தில் பசை காய்ந்து பளபளவென்று ஒட்டியிருந்தது.

"இது யாரு மாட்டினது?"

மைதீன் பிச்சை முன்னால் வந்தார். "நான்தான் ஐயா. தீனி இல்லாம ஓடுதேன்னு."

"நல்ல மனசு" என்றார் டாக்டர். அதே குரலில், "அதுலதான் இவ்வளவும் பரவியிருக்கு" என்றார்.

மைதீன் பிச்சை தொட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாளைக் காலையில் எல்லாக் குதிரையும் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொன்னதும் இசக்கிக்கு ஏறிவிட்டது. இசக்கி அந்த ஸ்டாண்டில் பெரிய வாய்க்காரன். "இந்தச் சாரல் மாசத்துல ஓடுனாத்தான் வருஷம் பூரா அடுப்பு எரியும் ஐயா. ஒங்க ஊசி குதிரைக்கா, எங்க வயித்துக்கா?" என்றான். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் குரலைத் தாழ்த்தினான். "ஏலே, நாளைக்கு விடிய செங்கோட்டைக்கு ஓட்டிருவோம். அங்கன மகாராசா ராச்சியம். இவரு ஊசி அங்கன பேசாது. அப்புறம், பையிலதான் வியாதி வந்துச்சுன்னா, பை மாட்டுனவன் மூக்கத்தானலே முதல்ல பாக்கணும்."

சிரித்தார்கள். செங்கோட்டை அப்போது திருவாங்கூர் ராஜ்யம். எல்லையைத் தாண்டிவிட்டால் எங்கள் சட்டம் செல்லாது. ஆனால் வியாதிக்கு எல்லை ஏது? அங்கே உள்ள குதிரைகளும் போகும், திரும்பி வந்து இங்கே மிச்சம் இருப்பவையும் போகும். தென்காசி ரோட்டில் குதிரை என்று ஒன்று இருக்காது. திரும்பும் வழியில் நான் டாக்டரிடம், போலீசைக் கூப்பிடலாமே என்றேன்.

"போலீஸ் வந்தா ஆளு வருவான் முத்து. குதிரை வராது" என்றார்.

சாயங்காலம் நான் மைதீன் பிச்சையின் லாயத்துக்குப் போனேன். அவர் ரோசாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இசக்கி கூட்டம் செங்கோட்டைக்குப் போகப்போகுது."

"தெரியும். என்னையும் கூப்புட்டான்."

"என்ன சொன்னியரு?"

"ரோசாவுக்கு எல்லை தாண்டுன பழக்கம் இல்லன்னேன்."

நான் ரோசாவின் மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிபோல இருந்தது. ரோமம் பளபளத்தது. "இதுக்கு ஒண்ணும் இருக்காது மாமா. எங்கண்ணுக்குத் தப்பாது" என்றேன். அவ்வளவு நிச்சயமாகத்தான் சொன்னேன்.

"இல்லாம இருந்தா நல்லது. இது நல்லாருக்குன்னு ஐயா சொல்லிட்டா மத்தவனும் பயம் தெளிஞ்சு கொண்டாந்துருவான்" என்றார். பிறகு தேய்ப்பதை நிறுத்தினார். "இருந்தாலும் நான்தான் மாப்ளே முதல்ல வரணும். என் பை அது."

மறுநாள் காலையில் அவர் வந்தார். சந்து வழியாக வரவில்லை. தேரோடும் வீதி வழியாக, ஸ்டேஷன் ரோட்டு வழியாக, எல்லாரும் பார்க்கும்படி வந்தார். ரோசாவைக் குளிப்பாட்டி, கழுத்தில் பாசிமணியும் சலங்கையும் கட்டியிருந்தார். செங்கோட்டைக்குப் புறப்பட்ட வண்டிகள் எல்லாம் அந்தச் சலங்கைச் சத்தத்துக்கு நின்றன. "பாய் குதிரைக்கு என்ன ஆவுதுன்னு பாத்துட்டுப் போவோம்லே" என்றான் இசக்கி. குதிரைகளை ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே கட்டிவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு வரிசையாகப் பார்த்தார்கள்.

டாக்டர் தொப்பியைப் புளியமரத்தில் மாட்டினார். கையை நீட்டிக்கொண்டு நின்றார். ரோசா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உள்ளங்கையில் மூக்கை வைத்துத் தேய்த்தது. சில இடங்களில் மேல் உதட்டைக் கயிற்றில் சுருக்கிட்டு முறுக்கித்தான் குதிரையை நிறுத்துவார்கள். எங்கள் டாக்டர் அதற்குச் சம்மதிக்கமாட்டார். நான் காதடியில் கையை வைத்து மெல்லத் தேய்த்துக்கொடுக்க, அவர் இடது கை விரலால் கீழ் இமையைப் பிதுக்கி ஊசியை ஏற்றினார். ரோசாவின் தோல் ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான். கடைசிக் கொட்டிலில் தனியாகக் கட்டினோம். நான் வைத்த புல்லை அது தொடவில்லை. மைதீன் பிச்சை கொட்டில் வாசலிலேயே குந்தியிருந்தார். அவர் கையால் வைத்தபோதுதான் தின்றது.

மறுநாள் காலை இமை தடித்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். அதற்கடுத்த நாள் கண் முழுக்க மூடிவிட்டது. மூக்குப் பக்கத்து ஓரத்தில் மஞ்சளாகக் கட்டியிருந்தது. நான் எத்தனையோ குதிரையின் கண்ணைப் பார்த்தவன். அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குத் திராணியில்லாமல் போயிற்று.

அன்றைக்கும் இசக்கி கூட்டம் செங்கோட்டைக்குப் போகாமல் சுவருக்கு வெளியே வந்து நின்றது. டாக்டர் கொட்டிலிலிருந்து வெளியே வந்து மைதீன் பிச்சையின் முன்னால் நின்றார்.

"சந்தேகம் இருந்தா கொஞ்ச நாள் விட்டு ரெண்டாந்தடவை ஊசி போட்டுப் பார்க்க விதி இருக்கு. நீர் கேட்டா நான் போடுறேன்" என்றார்.

மைதீன் பிச்சை அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயாவுக்குச் சந்தேகம் இருக்கா?"

எங்கள் டாக்டருக்குப் பொய் சொல்ல வராது. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் அந்தக் குதிரை இருந்திருக்கும்.

"இல்லை" என்றார்.

"அப்ப எனக்காக வேண்டாம் ஐயா. சுவத்துக்கு அந்தப் பக்கம் அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்கான். எனக்குத் தவணை குடுத்தா ஆளாளுக்குத் தவணை கேப்பான். தவணையில செங்கோட்டை போயிருவான்." கொட்டில் பக்கம் திரும்பி, "இன்னைக்கே முடிச்சிருங்க. நாளைக்கு நான் இப்படிப் பேசுவனான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

ஊருக்கு வெளியே, ஆற்றுக்குத் தள்ளி, ஒரு பொட்டலில் நான்தான் குழி வெட்டினேன். ஆள் வைத்து வெட்டச் சொன்னார் டாக்டர். நான் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா துப்பாக்கியோடு வந்தார். குதிரையைச் சுடுவதற்கும் ஒரு முறை உண்டு. வலது கண்ணிலிருந்து இடது காதுக்கு ஒரு கோடு, இடது கண்ணிலிருந்து வலது காதுக்கு ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்துக்குச் சற்று மேலே. அங்கே பட்டால் அதற்குச் சத்தம்கூடக் கேட்காது என்பார் டாக்டர். தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, சுண்ணாம்புக் கட்டியால் அவரே குறி போட்டார்.

நான் கயிற்றைப் பிடிக்கப் போனேன். அது என் வேலை. இந்தத் தாலுகாவில் எந்த மிருகத்தைப் பிடித்து நிறுத்துவதற்கும் என்னைத்தான் தேடுவார்கள். மைதீன் பிச்சை கயிற்றைத் தரவில்லை.

"மாப்ளே, அந்தப் பைய எடு" என்றார்.

மருதமரத்துப் பைதான். எரிப்பதற்காகக் கொண்டுவந்திருந்தோம். டாக்டரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். மைதீன் பிச்சை மடியிலிருந்து ஊறவைத்த கொள்ளை எடுத்துப் பையில் போட்டார். ரோசாவின் வாயில் மாட்டி, வாரைக் காதுக்குப் பின்னால் கொளுவினார். அது தலையை ஆட்டிக் கொள்ளை அடியிலிருந்து மேலே கொண்டுவந்து மெல்லத் தொடங்கியது. கரக் கரக் என்று சத்தம். அவர் கயிற்றை நீளமாக விட்டு, டாக்டர் காட்டிய இடத்தில் போய் நின்று, "தின்னு ரோசா, தின்னு" என்றார். அந்தச் சத்தம் இருக்கும்போதே ஏட்டையா சுட்டார்.

நான் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

சுண்ணாம்பு கொட்டி மூடினோம். பையை எரித்தோம். எல்லாம் முடிந்ததும் டாக்டர் கை கழுவ வந்தார். நான் செம்பை எடுத்தேன். அவர் செம்பை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "பிச்சை, வாரும்" என்றார். அவரே தண்ணீர் ஊற்றி, மருந்து போட்டு, மைதீன் பிச்சையின் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைப் பிரஷ்ஷால் தேய்த்தார். சின்னப் பிள்ளைக்குக் கழுவுவதுபோல. மைதீன் பிச்சை அப்போதுதான் அழுதார்.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது வாசலில் வண்டிகள் நின்றன. குதிரைகளை அவிழ்த்து, வரிசையாக, உள்ளே முகம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இசக்கி. "ஐயா, நம்ம குதிரைக்கும் போட்டிரும்" என்றான். மைதீன் பிச்சையை அவன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் போனபோது மட்டும், இசக்கி தன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

இன்னும் சில குதிரைகள் போயின. அழுகைச் சத்தமாகத்தான் இருந்தது அந்த வாரம். ஆனால் பெரும்பாலானவை பிழைத்தன. இசக்கியின் குதிரையும் பிழைத்தது. ஒன்றுகூட எல்லை தாண்டவில்லை. சாரல் முடிவதற்குள் ஜட்காக்கள் மறுபடி ஓடின. கல்தொட்டியை நானும் மைதீன் பிச்சையும் கடப்பாரை போட்டு உடைத்தோம். குதிரைக்கு ஒரு வாளி, குதிரைக்கு ஒரு பை என்று டாக்டர் உத்தரவு போட்டார். மைதீன் பிச்சை கடையநல்லூருக்குப் போய், தம்பிமார் தறியில் கெட்டித்துணி நெய்யச் சொல்லி, ஒவ்வொரு குதிரைக்கும் ஒவ்வொரு நிறத்தில் கரை வைத்துப் பை தைத்துக் கொண்டுவந்தார். இசக்கி குதிரைக்குப் பச்சைக் கரை. எழுதப் படிக்கத் தெரியாதவனும் தன் குதிரையின் பையை மாற்றி எடுக்க முடியாது.

அவர் மறுபடி குதிரை வாங்கவில்லை. நான் எவ்வளவோ சொன்னேன். ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார். ஆனால் தினமும் முதல் ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷன் வாசலுக்கு வந்துவிடுவார். வரிசையாக ஒவ்வொரு குதிரையின் தாடையையும் தூக்கி, மூக்கைப் பார்த்து, கழுத்தடியில் முடிச்சு இருக்கிறதா என்று தடவி, சேணம் உரசின புண் இருந்தால் அவிழ்க்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஒரு குதிரைக்கும் மறு குதிரைக்கும் நடுவில் வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொள்வார். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. "என் மூக்கையும் பாக்கியளா பாய்?" என்பான் இசக்கி. "ஒன் மூக்குல பொடிதானலே இருக்கும். அது ஊருக்கே தெரியும்" என்பார்.

டாக்டருக்கு மாற்றல் வந்தது. ஜெர்மன் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் நின்றன. அப்போது தென்காசி ரோட்டை நடத்தியது அந்த ஜட்காக்கள்தான். வேறு டாக்டர்கள் வந்தார்கள், நல்லவர்கள்தான். ஆனால் என்னவோ, குதிரையண்டை போகும்போது யாராவது தொப்பியோடு போனால் இன்றைக்கும் என் கை நீளும், வாங்கி மாட்டுவதற்கு.

சண்டை முடிகிற சமயம், ஒரு சாரல் மாதத்தில், நான் ராயகிரிப் பக்கம் மாடுகளுக்கு வெக்கை நோய் ஊசி போடப் போயிருந்தேன். வேலை முடிந்து ரயிலில் தென்காசிக்கு வந்து இறங்கினேன். வாசலுக்கு வந்தால் ஒரு ஜட்காகூட இல்லை. அருவிக்கு வந்த கூட்டம் மூட்டை முடிச்சோடு நனைந்துகொண்டு நின்றது. "சாரல் மாசத்துல வண்டி இல்லாத ஸ்டேஷனும் உண்டா?" என்று ஒருவர் கோபமாக என்னைக் கேட்டார். டீக்கடைக்காரர்தான் சொன்னார்.

"பாய் மௌத்தாயிட்டாரு அண்ணாச்சி. அத்தனை வண்டியும் அங்கனதான் போயிருக்கு."

ஓடினேன். கையில் ஊசிப் பெட்டியோடு ஓடினேன். பள்ளிவாசல் தெரு நெடுகிலும் ஜட்காக்கள் ஒரு ஓரமாக நின்றன. எந்த வண்டியிலும் ஆள் இல்லை. வண்டிக்காரர்கள் எல்லாரும் உள்ளே அடக்கத்துக்குப் போயிருந்தார்கள். குதிரைகள் கனைக்காமல் நிற்கவேண்டுமே என்று ஒவ்வொன்றின் வாயிலும் பையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிவப்புக் கரை, மஞ்சள் கரை, பச்சைக் கரை. தெருவில் வேறு சத்தமே இல்லை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. அத்தனை குதிரையும் கொள்ளு மெல்லுகிற சத்தம் மட்டும் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. நான் போவதற்குள் மண் போட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். இப்போதும் சாரல் பிடித்தால் வாசலில் வந்து நின்று காது கொடுத்துப் பார்ப்பேன். பஸ் சத்தம்தான் கேட்கிறது.

டாக்டர் தம்பி, பொன்னாடையை நான் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு அது தகும். ஆனால் பெயர் வாசிக்கும்போது என் பெயரை இரண்டாவதாக வாசியுங்கள். மைதீன் பிச்சை என்று முதலில் வாசித்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். வரிசையில் முன்னால் நிற்கிறவர் அவர்தான். நான் அவருக்குப் பின்னால் வருகிறேன்.